எல்லாமே முதலாவது

"பிரஜைகளின் க்ஷேமாபிவிருத்தியை முன்னிட்டு" என்று எழுதிவிட்டு நாணு பேனாவைக் கீழே வைத்தான். முக்கால் மணி நேரமாக உட்கார்ந்து அவன் சாதித்தது அவ்வளவுதான்.

"அப்புறம்?" என்று கேட்டாள் அவன் மனைவி அம்மிணி. ரேஷன் அரிசியை முறத்தில் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் என்ன எழுதறதுன்னு யோசிக்கறேன்."

"பிரஜைகளுக்கு என்ன செய்யப்போறார்னு எழுதுங்கோ."

"அது அவருக்கே தெரியாது."

"தெரியாதவர் என்னத்துக்கு எலக்‌ஷன்ல நிக்கறார்?"

"மெதுவாப் பேசு. கீழே கேக்கும்."

கீழே, முதல் மாடியில் குடியிருந்தவர்தான் அந்த 'அவர்'. ஆறுமுகநயினார் பிள்ளை. மாதுங்காவில் இந்த மூன்று மாடிக் கட்டிடம் அவருடையது. யுத்தகாலத்தில் பட்டாளத்துக்குக் கரியும் கயிறும் சப்ளை செய்து நன்றாகக் கொழித்தவர். யுத்தம் முடிந்தது. கரிக்கும் கயிற்றுக்கும் கிராக்கி போயிற்று. பொழுது போகாமல் தவித்த பிள்ளை, சட்டசபைக்கு நிற்பது என்று தீர்மானித்துவிட்டார். எந்தக் கட்சியும் அவரைக் கூப்பிடவில்லை. அதைப் பற்றி அவரும் கவலைப்படவில்லை. சுயேச்சை என்று போட்டுக்கொண்டார்.

அவர் நிற்கட்டும், உட்காரட்டும், பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருக்கும் நாணுவுக்கு அதில் என்ன வந்தது என்றால், வீடு வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளை அவனைக் கூப்பிட்டனுப்பி, நாற்காலியில்கூட உட்காரச் சொல்லாமல் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"ஐயரே, நம்ம மருமகப்பிள்ளைக்குப் பூனாவில இருந்து பம்பாய்க்கு மாத்தலாகும் போல இருக்கு. சொந்தக் கட்டிடத்தை வச்சிக்கிட்டு அவரை லாட்ஜில தங்கச் சொல்ல முடியுமாவே? மூணாவது மாடி ரெண்டு ரூமையும் ஒழிச்சுக் குடுத்துரும்."

 அந்த வருஷம் பம்பாயில் வேலை கிடைக்கும், கள்ள மார்க்கெட்டில் சர்க்கரைகூடக் கிடைக்கும். வீடு கிடைக்காது. கல்யாணமான தம்பதிகள் தாதரில் சொந்தக்காரர் வீட்டுக் கூடத்தில் படுதா கட்டிக்கொண்டு குடித்தனம் செய்தார்கள்.

"பிள்ளைவாள், திடீர்னு இப்படிச் சொன்னா நான் எங்கே போவேன்?"

"அதுக்கு ஒரு வழி இருக்கு. நீரு படிச்சவரு. எனக்கு ஒரு எலக்சன் நோட்டீசு எழுதணும். நான் செயிச்சா சனங்களுக்கு எதெதை மொதல்ல செய்வேன்னு பட்டியல் போட்டு, தாராவியில போயிப் படிச்சுக் காட்டணும். அங்கன நமக்கு நாப்பது கோலி இருக்கு, ஒத்தை ரூம் குடித்தனம். கோலிக்கு அஞ்சு பெரியாளுன்னு வச்சாலும் இருநூறு ஓட்டு. அந்த இருநூறும் எனக்கு விழணும். விழுந்துட்டா மருமகப்பிள்ளை பூனாவிலயே கெடக்கட்டும். விழலேன்னா..."

பிள்ளை தலையைத் தூக்கி மூன்றாவது மாடி இருந்த திக்கைப் பார்த்தார்.

"ஓட்டர் லிஸ்ட் ஒண்ணு வாங்கிப் பாத்துடலாமா, பிள்ளைவாள்?" என்றான் நாணு. லிஸ்ட் இல்லாமல் ஒரு காரியத்தைத் தொட அவன் கைக்குப் பழக்கமில்லை.

"என் கோலியில குடியிருக்கவனை எனக்குத் தெரியாதாவே? லிஸ்டு எதுக்கு, லிஸ்டு!"

இப்படியாகத்தான் நாணு க்ஷேமாபிவிருத்தியில் வந்து மாட்டிக்கொண்டான். எழுதிய தாளுக்கு அடியில் ஒரு கார்பன் தாளும் அதற்கடியில் இன்னொரு தாளும் இருந்தன. அது அவனுடைய பதினொரு வருஷத்துக் குமாஸ்தா புத்தி. நகல் இல்லாமல் அவனால் எதையும் எழுத முடியாது. பாலக்காட்டில் இருக்கும் மாமனாருக்குப் போடும் கடிதத்துக்கு நகல் உண்டு. அம்மிணி கொடுக்கும் சாமான் பட்டியலுக்கும் நகல் உண்டு. அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போய்ச் சம்மதக் கடிதத்தையே அவன் இரண்டு பிரதியாக எழுதினான் என்று அம்மிணி எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அது உண்மைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நாணு ரயில் பாலத்தைத் தாண்டித் தாராவிக்குப் போனான். பிள்ளையின் நாற்பது கோலி என்பது ஒரே ஒரு நீளக் கொட்டகை. நடுநடுவே தகரத்தால் தடுத்து, ஒவ்வொரு தடுப்புக்கும் ஒரு சாக்குப் படுதா தொங்கவிட்டிருந்தது. மேலே ஒரே கூரை. சுற்றிலும் தோல் பதனிடும் கொட்டகைகள் இருந்ததால் வாடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஜனங்கள் கூடினார்கள். எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். முன்னால் வந்து உட்கார்ந்தவள் முப்பிடாதியம்மாள். முறுக்குச் சுட்டு தாதர் வரைக்கும் அனுப்பி விற்கிறவள். அந்தக் கொட்டகையில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

நாணு தொண்டையைச் செருமிக்கொண்டு, பிரஜைகளின் க்ஷேமாபிவிருத்தியில் ஆரம்பித்து, சுகாதார சௌகரியங்கள், போஷாக்கு, ஜீவனோபாய மார்க்கங்கள் என்று ஒரு தாளையும் வாசித்து முடித்தான். 

"சாமி, வாசிச்சது தமிழா?" என்றாள் முப்பிடாதியம்மாள்.

"தமிழ்தான்."

"பிரஜைன்னா யாரு?"

"நீங்கள்ளாம்தான்."

"நாங்களா?" அவள் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். "ஏட்டி, நாமதானாம்." பிறகு நாணுவிடம், "சரி, அந்த க்ஷே... அது வாயில நுழைய மாட்டேங்கு. அதுல குழாய் வருமா?"

"குழாயா?"

"தண்ணிக் குழாய் சாமி. ரோட்டுக் குழாய்க்கு விடியக்காலம் போயி வரிசையில நிக்கோம்."

நாணு தாளைப் பார்த்தான். க்ஷேமத்தில் குழாய் இல்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, புதுத் தாளை எடுத்து, கார்பன் வைத்து, "உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்கோ, எழுதிக்கறேன்" என்றான். அன்றைக்கு அவன் செய்த முதல் புத்திசாலித்தனமான காரியம் அது. வினையும் அதில்தான் ஆரம்பித்தது.

முப்பிடாதியம்மாள் குழாய் என்றாள். சொர்ணம்மாள் எழுந்து சண்டாஸுக்கு, அதாவது பொதுக் கழிப்பிடத்துக்கு, கதவு வேண்டும் என்றாள். "பொம்பளைங்க உள்ள போனா வெளிய ஒருத்தி சீலையைப் பிடிச்சிக்கிட்டு நிக்க வேண்டியிருக்கு சாமி. எத்தனை வருசத்துக்கு?" இசக்கிப்பாண்டி சந்துக்கு விளக்கு கேட்டான். ரேஷனில் சோளமும் கோதுமையும் தள்ளாமல் புழுங்கலரிசி போட வேண்டும் என்று எல்லாரும் ஒரே குரலாகக் கத்தினார்கள்.

கூட்டத்தின் கடைசியில் பூதத்தான் என்று ஒருவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்துக் கொட்டகையில் தோலுக்கு உப்புத் தடவுகிற வேலை. கை இரண்டும் வெளுத்துப்போயிருந்தன. அவன் மெதுவாகக் கையைத் தூக்கினான்.

"வீட்டுக்கு நம்பரு போடணும் சாமி."

"நம்பரா?"

"ஒவ்வொரு கோலிக்கும் ஒரு நம்பரு. முனிசிபாலிட்டி நம்பரு. ஊருல இருந்து காயிதம் வந்தா 'பிள்ளை கிட்டங்கி'ன்னுதான் வருது, ஏதோ சரக்குக் குடோனு மாதிரி. எல்லாருக்கும் ஒரே விலாசம். அதோட இப்ப லிஸ்டு எழுத..."

"ஏ பூதத்தான், குடிக்கத் தண்ணி இல்ல, ஒனக்கு நம்பரு கேக்குதாக்கும்!" என்று முப்பிடாதியம்மாள் அவனை உட்கார்த்திவிட்டாள்.

நாணு ஐந்தையும் எழுதிக்கொண்டான். எழுதிவிட்டு, "சரி, இதுல எதை முதல்ல போடலாம்?" என்று கேட்டான். கேட்டிருக்கக் கூடாது. குழாய்தான் முதல் என்று ஒரு கோஷ்டி. கதவுதான் முதல் என்று பெண்கள் பாதிப் பேர். விளக்கு இல்லாமல் கதவு எதற்கு, இருட்டில் கதவு எங்கே இருக்கிறதென்று எப்படித் தெரியும் என்று இசக்கிப்பாண்டி கேட்டான். சொர்ணம்மாள் அவன் வம்சத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். குழாய்க்கு முதலிடம் இல்லையென்றால் தன் பக்கத்து நூறு ஓட்டும் கிடையாது என்றாள் முப்பிடாதியம்மாள்.

நூறு ஓட்டு என்றதும் நாணுவின் கண்முன் படுதா கட்டிய கூடம் ஒன்று வந்து நின்றது.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் யோசித்தான். ஆபீஸ் ஞாபகம் கைகொடுத்தது. அவன் ஆபீஸில் எல்லாக் கட்டுக்கும் சிவப்பு மையில் 'அவசரம்' என்று எழுதிவிடுவார்கள். எல்லாம் அவசரம் ஆகிவிட்டபடியால் ஒருவரும் கோபித்துக்கொள்வதில்லை, ஒன்றும் நடப்பதுமில்லை. அதே உபாயத்தை இங்கே செய்தான். முதலாவது: தண்ணீர்க் குழாய். முதலாவது: கழிப்பிடக் கதவு. முதலாவது: சந்து விளக்கு. முதலாவது: புழுங்கலரிசி. முதலாவது: வீட்டுக்கு நம்பர்.

பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முதல் நான்குக்கும் தலையை ஆட்டினார். ஐந்தாவது முதலாவதுக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது. நாணுவின் பேனாவையே வாங்கி அதன் மேல் ஒரு கோடு கிழித்தார். போதவில்லை என்று இன்னொரு கோடும் கிழித்தார்.

"நம்பரு கிம்பரு ஒண்ணும் வேண்டாம்."

"அது ரொம்பச் சின்னக் காரியமாச்சே பிள்ளைவாள். தகரத்துல பெயிண்ட் அடிச்சா ஆச்சு."

"வேண்டாம்னா வேண்டாம்வே! நம்பரு போட முனிசிபாலிட்டிக்காரன் உள்ள வருவான். உள்ள வந்தவன் சும்மா போவானா? நாட்டுக்கு எவ்வளவோ நல்லது செய்யலாம். இது மட்டும் ஆகாது."

நாணு தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். நோட்டீஸ் நான்கு முதலாவதுகளோடு அச்சாகி வந்தது.

அதைத் தாராவியில் வாசித்துக் காட்டியபோது நல்ல சந்தோஷம். ஐந்து நிமிஷம் நீடித்தது.

"எல்லாமே மொதலாவதுன்னு போட்டிருக்கு. ரொம்ப சந்தோசம் சாமி" என்றாள் முப்பிடாதியம்மாள். "எப்ப ஆரம்பிக்கிய?"

"ஜெயிச்ச உடனே."

"செயிச்ச பொறவு செய்யறதுக்கு இது என்ன பத்தாவதா? மொதலாவதுல்லா? ஓட்டுக்கு முன்னால செஞ்சாத்தான் மொதலாவது. ஓட்டுக்குப் பொறவுன்னா அது ரெண்டாவதாயிரும்."

 அவன் ஆபீஸில் 'அவசரம்' என்ற கட்டைப் பார்த்துவிட்டு யாரும் இப்படி நியாயம் கேட்டதில்லை. கூட்டம் கலையும்போது பூதத்தான் கிட்டே வந்தான்.

"நம்பரு என்னாச்சு சாமி?"

"அது பின்னாடி பாத்துக்கலாம்."

"பின்னாடின்னா லிஸ்டு முடிஞ்சு போயி..."

"பின்னாடி, பின்னாடி!" என்று சொல்லிவிட்டு நாணு ரயில் பாலத்தைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனான்.

இதைக் கேட்டுப் பிள்ளை குதித்தார். ஆனால் இருநூறு ஓட்டு. கடைசியில் குழாய் போடுவது என்று இறங்கி வந்தார். போடுவதற்குத்தான் பைப் இல்லை. இருந்த இரும்பையெல்லாம் யுத்தம் தின்றுவிட்டது. கடைக்காரர்கள் பைப் என்று கேட்டாலே சிரித்தார்கள். பிள்ளை நெற்றியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் நாணு சொன்னான்:

"நம்ம கட்டிடத்துலேயே மொட்டை மாடிக்குப் போற பைப் ஒண்ணு சும்மா கிடக்கே, பிள்ளைவாள்."

பிள்ளை அவனை முதல் தடவையாக நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

பிளம்பர் உதுமான் வந்து பைப்பைக் கழற்றிக்கொண்டு போனான். சாயங்காலம் நாணு வீட்டுக்கு வந்தபோது அம்மிணி காலிக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன்னா, ஆத்துல ஜலம் வரலை."

மொட்டை மாடிக்குப் போகும் பைப்பும் மூன்றாவது மாடிக்கு வரும் பைப்பும் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் நாணு தெரிந்துகொண்டான். அன்றிலிருந்து காலையில் எட்டுக் குடம், மாலையில் ஆறு குடம், கீழேயிருந்து மூன்று மாடி. தூக்கியவன் அவன்தான். தாராவியில் குழாயைத் திருகிப் பார்த்து ஜனங்கள் குலவையிட்டார்கள் என்று கேள்விப்பட்டான்.

குழாய் வந்ததும் சொர்ணம்மாள் கோஷ்டி விறைத்துக்கொண்டது. எங்கள் முதலாவது எங்கே என்று கேட்டார்கள். பலகையும் கிடைக்காத காலம். இந்தத் தடவை நாணு வாயைத் திறக்கவே இல்லை. பிள்ளைக்கு அதற்குள் பழக்கமாகிவிட்டது. மூன்றாவது மாடிக் குளியலறைக் கதவை உதுமான் பெயர்த்துக்கொண்டு போனான். அளவு எடுத்த மாதிரிப் பொருந்தியதாம்.

அம்மிணி தன் பழைய புடவை ஒன்றைக் குளியலறைக்குத் தொங்கவிட்டாள். "அவாளுக்குச் சண்டாஸுக்குக் கதவு வந்தாச்சு. நமக்குப் போயாச்சு. இப்போ நான் யாருக்கு ஓட்டுப் போட்டா நம்ம கதவு திரும்பி வரும்? அதைச் சொல்லுங்கோ."

"வீடு போகாம இருக்கணும், அம்மிணி. கதவு போனாப் போறது."

"இப்படியே போனா வீடு எங்கேயும் போகாது. தாராவிக்குத்தான் போகும். ஒவ்வொண்ணாக் கழட்டிண்டு போயிண்டிருக்கா."

அவளுக்கு வந்த கோபம் நியாயமானது. அது நாணுவுக்கும் தெரிந்தேயிருந்தது. அதனால்தான் பெட்ரோமாக்ஸ் விஷயத்தை அவன் அவளிடம் நேரில் சொல்லவில்லை. அவள் கல்யாணத்துக்கு அவள் மாமா வாங்கிக் கொடுத்த விளக்கு அது. அவள் கோவிலுக்குப் போயிருந்த சமயம் பார்த்து எடுத்துக்கொண்டு போய் இசக்கிப்பாண்டியின் சந்தில் மாட்டிவிட்டு வந்தான். திரும்பி வந்தவள் காலி ஆணியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் புழுங்கலரிசிப் பேச்சை எடுத்துக்கொண்டு பிள்ளையே மாடியேறி வந்தார்.

"ஓட்டு அன்னைக்கு அங்கன எல்லாருக்கும் சோறு போட்டுரலாம்னு இருக்கேன். கட்டிடத்துல வீட்டுக்கு ரெண்டு படி அரிசி குடுத்தா..."

அம்மிணி எழுந்தாள். உள்ளே போய் அரிசி டின்னின் மேல் உட்கார்ந்துகொண்டாள். பிள்ளை நாணுவைப் பார்த்தார். நாணு கூரையைப் பார்த்தான். அந்த முதலாவது மட்டும் நடக்கவில்லை. கடைசியில் சோற்றுக்குப் பதில் ஆளுக்கு இரண்டு முறுக்கு என்று முடிவாகி, அந்த முறுக்கையும் முப்பிடாதியம்மாளிடமே விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று.

தாராவிக்குப் போன ஒவ்வொரு தடவையும் பூதத்தான் உப்புக் கையோடு வந்து நின்றான்.

"நம்பரு என்னாச்சு சாமி?"

"குழாய் வந்துடுத்தோல்லியோ?"

"வந்துட்டு."

"கதவு?"

"வந்துட்டு."

"விளக்கு?"

"நல்லா எரியுது சாமி. நம்பரு?"

"உனக்கு எல்லாத்துலயும் அவசரம்ப்பா!" என்று நாணு சலித்துக்கொள்வான். அவன் வீட்டுச் சாமான்கள் எல்லாம் அங்கே சௌக்கியமாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்புவான்.

ஓட்டு நாள் வந்தது. பிள்ளையின் கரி லாரியைக் கழுவி, மாலை கட்டி, மூன்று நடையாக இருநூற்றுச் சொச்சம் பேரைக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கினார்கள். பெண்கள் தலையில் பூ வைத்திருந்தார்கள். இசக்கிப்பாண்டி சவரம் செய்துகொண்டு வந்திருந்தான். கையில் ஆளுக்கு இரண்டு முறுக்கு. இவ்வளவு பெரிய வரிசை அந்தச் சாவடியில் வேறு யாருக்கும் கிடையாது. மற்ற வேட்பாளர்களின் ஆட்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பிள்ளை சரிகை அங்கவஸ்திரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையின் நீளத்துக்கு இரண்டு தடவை நடந்தார். நாணுவின் தோளில் கையைப் போட்டார்.

"மருமகப்பிள்ளைக்கு இன்னைக்கே காயிதம் எழுதிருதேன்வே. பூனா குளிர்ச்சியான ஊரு."

நாணுவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எட்டுக் குடமும் ஆறு குடமும் அப்போது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

மேஜைக்குப் பின்னால் ஒரு மராட்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். முப்பிடாதியம்மாள் முதலில் போய் நின்றாள். அவர் பெயரைக் கேட்டார். வீட்டு நம்பர் என்ன என்று கேட்டார். நம்பர் இல்லை என்றாள். அவர் பட்டியலைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார். "நாம் நஹீ ஹை" என்றார். பெயர் இல்லையாம்.

சொர்ணம்மாள் போனாள். நாம் நஹீ ஹை. இசக்கிப்பாண்டி போனான். அவனுக்கும் நஹீ. பத்து, இருபது, முப்பது பேர். இருநூற்றுச் சொச்சம் பேரில் ஒருவர் பெயரும் பட்டியலில் இல்லை.

பிள்ளைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அங்கவஸ்திரம் கீழே விழுந்தது.

"ஐயரே! ஒண்ணாந் தேதி சாமானைத் தூக்கிரும்!"

"பிள்ளைவாள், நான் அன்னைக்கே லிஸ்ட் பாக்கலாம்னு..."

"ஒண்ணாந் தேதி!" அவர் மேஜையை ஓங்கித் தட்டினார். "இது என்ன அக்குறும்பு! இவங்க அத்தனை பேரும் என் குடித்தனக்காரங்க. எனக்குச் சொந்தமான நாப்பது வீடு! பன்னெண்டு வருசமா வாடகைக்கு விட்டிருக்கேன்! எப்படி இல்லேன்னு சொல்லுவான்?"

நாணு அதை இங்கிலீஷில் சொன்னான். மராட்டிக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பட்டியல் தயாரித்தது தான் இல்லை, முனிசிபாலிட்டியில் வீட்டு வரி இலாகாவில் வேலை, இன்றைக்கு மட்டும் இங்கே கொண்டுவந்து உட்கார்த்தியிருக்கிறார்கள், புகார் இருந்தால் எழுத்து மூலம் கொடுங்கள் என்றார்.

"எழுதும்வே!" என்றார் பிள்ளை.

நாணு இங்கிலீஷில் எழுதினான். அந்த அவசரத்திலும் கார்பன் வைக்க மறக்கவில்லை. கீழே கையெழுத்திட்டிருக்கும் ஆறுமுகநயினார் பிள்ளையாகிய நான், தாராவியில் எனக்குச் சொந்தமான கட்டிடத்தில் நாற்பது குடியிருப்பு வீடுகள் இருக்கின்றன என்றும், பன்னிரண்டு வருஷமாக அவற்றில் குடும்பங்களை வாடகைக்கு வைத்திருக்கிறேன் என்றும், குழாய், விளக்கு, கதவுடன் கூடிய கழிப்பிடம் முதலிய சகல வசதிகளும் செய்து கொடுத்திருக்கிறேன் என்றும் உறுதி கூறுகிறேன். பிள்ளை தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, "இன்னும் கொஞ்சம் காட்டமா இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, தாள் கிழிகிற மாதிரிக் கையெழுத்துப் போட்டார்.

மராட்டிக்காரர் அதை ஒரு தடவை படித்தார். நிமிர்ந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். அதுவரை தூங்கி வழிந்த முகத்தில் ஆபீஸ் களை வந்துவிட்டது. எலக்‌ஷன் கட்டில் அதை வைக்கவில்லை. நான்காக மடித்துத் தன் சொந்தப் பையில் வைத்துக்கொண்டார். கார்பன் நகலை நாணு தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். எதற்கென்று அவனுக்கே தெரியாது. பழக்கம்.

அந்த ஒண்ணாந் தேதியும் வந்தது, அதற்கப்புறம் எத்தனையோ ஒண்ணாந் தேதிகளும் வந்தன. நாணு சாமானைத் தூக்கவில்லை. மருமகப்பிள்ளை பூனாவை விட்டு வரவில்லை. ஒரே மாதத்தில் மூன்றாவது மாடிக்குப் புதுப் பைப்பும் குளியலறைக்குப் புதுத் தேக்குக் கதவும் வந்தன. பிள்ளை அம்மிணியைக் கண்டால் மாமி என்று கூப்பிட்டு நலம் விசாரித்தார். மராட்டிக்காரர் பைக்குள் போன தாளைப் பிள்ளை பணம் கொடுத்து மீட்டுவிட்டாராம்; நாணுவின் நகல் மட்டும் வெளியே நின்றது. எல்லாம் அந்த நகலின் மகிமை. ஒரு கார்பன் தாளுக்கு அவ்வளவு மகிமை எங்கிருந்து வந்தது என்பது, அன்றைக்குச் சாவடி வாசலில் பிள்ளை கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தபோதுதான் நாணுவுக்குத் தெரிந்தது.

"கண்ணுக்கு முன்னால நாப்பது வீடு நிக்குது! அதை வீடே இல்லேன்னு எழுதி வச்ச திருட்டுப்பய எவன்? எனக்கு இப்பத் தெரிஞ்சாகணும்!"

 வரிசையின் கடைசியிலிருந்து பூதத்தான் முறுக்கை மென்றுகொண்டே முன்னால் வந்தான்.

"அதுக்குத்தான் மொதலாளி நான் அன்னையில இருந்து நம்பரு கேட்டேன். லிஸ்டு எழுத வந்தவரு வீட்டு வரிப் புஸ்தகத்தைப் பாத்துட்டு, 'இங்க மனுசங்களே கிடையாது, உப்புத் தோலு அடுக்கி வைக்கிற கிட்டங்கின்னு உங்க மொதலாளிதான் பன்னெண்டு வருசமா எழுதிக் குடுக்காரு'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. தோலுக்கு எங்கன மொதலாளி ஓட்டு?"